சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை: அரங்க ஒலியை முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி?

கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு மேடையில் யாரோ வாழ்த்திப் பேசுவது நன்றாகவே கேட்கிறது. பேசுவது ஆணா பெண்ணா, சிரிக்கிறாரா தழுதழுக்கிறாரா என்பதுகூடத் தெரிகிறது. என்ன பேசுகிறார் என்பதுதான் பிடிபடுவதில்லை. மைக்செட்காரரிடம் போய்ச் சொன்னால் வால்யூமைக் கூட்டுவார். சத்தம் கூடும், பேச்சு அதே குழப்பத்தில் இருக்கும். அடுத்த முகூர்த்தத்துக்குள் மண்டபத்துக்காரர் இன்னொரு பெரிய ஆம்பும் இரண்டு பாக்ஸும் வாங்கிவிடுவார். பணம் போனதுதான் மிச்சம்.

சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கு முன்பே, கட்டடத்தின் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த நாற்காலியில் எவ்வளவு சத்தம் விழும், அதில் எவ்வளவு புரியும் என்று சொல்லிவிட முடியும். இதற்கான கணினி நிரல்கள் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. டென்மார்க்கின் ஓடியான், ஸ்வீடனின் கேட் அக்கௌஸ்டிக், பெர்லினில் வொல்ஃப்காங் ஆனர்ட்டின் குழு உருவாக்கிய ஈஸ் ஆகியவை உலகெங்கும் ஒலியமைப்பாளர்கள் கையில் இருப்பவை. நம் ஊரிலும் பெரிய வேலைகளுக்கு டெண்டரோடு சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு படம் வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. எனக்கு அதுதான் கவலை.

முதலில், ஏன் புரியவில்லை என்று பார்ப்போம். கட்டு, கத்து, கக்கு, கப்பு. இந்த நான்கையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தொடக்கமும் முடிவும் ஒன்றுதான். நடுவில் நாக்கோ உதடோ ஒரு கணம் மூச்சை அடைத்துத் திறக்கும் இடம் மட்டுமே வேறு. அந்த அடைப்பு ஒரு சின்ன மௌனம், திறப்பு ஒரு சின்ன வெடிப்பு. பேச்சில் சத்தத்தின் பெரும்பங்கை உயிரொலிகள் சுமக்கின்றன. சொல்லின் அடையாளத்தை மெய்கள் சுமக்கின்றன. அவை வலுவற்றவை, கண நேரத்தில் முடிந்துவிடுபவை. முன்னால் வந்த ‘க’வின் ஒலி மண்டபத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால், அந்தச் சின்ன மௌனத்தை அது நிரப்பிவிடும். அப்புறம் நான்கு சொல்லும் ஒன்றுதான். தமிழில் வல்லின இரட்டிப்பு எவ்வளவு என்று யோசித்தால், முழங்குகிற மண்டபத்தில் நாம் இழப்பது எவ்வளவு என்பது விளங்கும்.

இப்படி ஒலி சுற்றிக்கொண்டிருப்பதைத்தான் பள்ளிப் பாடப்புத்தகம் எதிர்முழக்கம் என்கிறது. அதை முதன்முதலில் எண்ணாக மாற்றியவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் ஒரு விரிவுரை மண்டபம் இருந்தது. பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. இயற்பியல் துறையில் இளம் ஆசிரியராக இருந்த சபைனிடம், இதைச் சரிசெய்ய முடியுமா பார் என்று ஒப்படைத்தார்கள். அவரிடம் இருந்தவை ஓர் ஆர்கன் குழாய், நேரம் பார்க்க ஒரு கருவி, தன் காது. நகர ஓசை அடங்கிய இரவுகளில் குழாயை ஊதி நிறுத்துவார். ஒலி காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரத்தைக் குறிப்பார். காலி மண்டபத்தில் ஐந்தரை விநாடி வந்தது. அதாவது ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துப் பதினைந்து அசைகள் அதன் மேல் வந்து விழுந்துவிடும். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி ஒவ்வொரு முறையும் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விட வேண்டும். மண்டபம் முழுக்க மெத்தை நிறைந்தபோது நேரம் ஒரு விநாடியை ஒட்டி இறங்கியிருந்தது.

அதிலிருந்து வந்த சூத்திரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கனமீட்டரில் அரங்கின் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் (டெசிபல் என்பது சத்தத்தின் அலகு) இறங்க ஆகும் நேரம் கிடைக்கும். அதுதான் எதிர்முழக்க நேரம். மொத்த உறிஞ்சல் என்பது ஒவ்வொரு பரப்பையும் அதன் உறிஞ்சல் எண்ணால் பெருக்கிக் கூட்டியது. திறந்த ஜன்னலின் எண் 1, போன ஒலி திரும்பாது. பூச்சுச் சுவருக்கு 0.03 போல இருக்கும்.

ஒரு மண்டபத்தைப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 30 மீட்டர், அகலம் 18, உயரம் 7. கொள்ளளவு 3,780 கனமீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 1,752 சதுர மீட்டர். கதவு, திரை, மேடை அலங்காரம் எல்லாவற்றையும் சேர்த்து சராசரி உறிஞ்சல் எண் 0.05 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 88 வருகிறது, எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 7 விநாடி. இப்போது 500 பேரை உட்கார வைப்போம். உடையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் நடு அதிர்வெண்களில் ஏறத்தாழ 0.45 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். மொத்த உறிஞ்சல் 313 ஆகிறது, நேரம் 2 விநாடிக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. அந்த மண்டபத்தில் இருக்கும் ஒரே நல்ல ஒலி உறிஞ்சி விருந்தினர்கள்தான். காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு நூறு பேர் மட்டும் வந்திருந்தால் கணக்கு நாலரை விநாடிக்கு மேல் நிற்கிறது. அதே மண்டபம், அதே பாக்ஸ். சாயங்கால வரவேற்பில் ஓரளவு புரிந்தது காலையில் ஏன் புரியவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, ஸ்பீக்கர் பக்கம் வருவோம். ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலி, தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். சுவரிலும் கூரையிலும் பட்டுச் சுற்றும் முழக்கம் மண்டபம் முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். ஆகவே ஏதோ ஒரு தூரத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதைத் தாண்டினால் முழக்கம்தான் ஆட்சி. அந்த எல்லைத் தூரத்துக்கும் சூத்திரம் உண்டு. ஸ்பீக்கர் ஒலியை எவ்வளவு குவித்து அனுப்புகிறது என்ற எண்ணைக் கொள்ளளவால் பெருக்கி, எதிர்முழக்க நேரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.057ஆல் பெருக்க வேண்டும். குவிப்பு எண் 10 உள்ள ஒரு நல்ல பாக்ஸுக்கு, நிறைந்த மண்டபத்தில் 7.8 மீட்டர் வருகிறது. காலி மண்டபத்தில் 4.2 மீட்டர். கடைசி வரிசை 25 மீட்டரில் இருக்கிறது. மண்டபம் நிறைந்திருந்தாலும் அங்கே நேரொலி முழக்கத்தைவிட 10 டெசிபல் தாழ்ந்துதான் வந்து சேரும்.

வால்யூமைக் கூட்டினால் என்ன ஆகும்? நேரொலியும் கூடும், முழக்கமும் அதே அளவு கூடும். இடைவெளி அந்த 10 டெசிபலாகவே இருக்கும். மேடையோரம் இன்னொரு பாக்ஸ் வைத்தால் முழக்கம் மேலும் 3 டெசிபல் ஏறும். ஆம்பின் வாட் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மாற்ற முடிந்தவை மூன்று: ஸ்பீக்கரின் குவிப்பு, கேட்பவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம், அறையின் உறிஞ்சல். தூரத்தை எடுத்துக்கொள்வோம். மேடையோர இரண்டு பாக்ஸுக்குப் பதில் பக்கத் தூண்களில் ஆறு வைத்து, பின்வரிசையில் தூணருகே இருப்பவருக்கு ஒரு பாக்ஸ் 5 மீட்டரில் இருக்கும்படி செய்தால், அவருக்கு நேரொலி 14 டெசிபல் ஏறும். பாக்ஸ் மூன்று மடங்கானதால் முழக்கமும் 5 டெசிபல் ஏறும். நிகர லாபம் 9. ஒவ்வொரு பாக்ஸையும் மேடை ஒலியோடு சேர்ந்து ஒலிக்கும்படி தாமதிக்கவும் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 349 மீட்டர் போகிறது, மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளியிருக்கும் பாக்ஸுக்கு 43 மில்லி விநாடி தாமதம். அதற்கு மேல் இன்னொரு பத்து, பதினைந்து சேர்த்தால் ஒலி மேடையிலிருந்தே வருவதுபோலத் தோன்றும். முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே காது எடுத்துக்கொள்ளும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949இல் காட்டியதன் பயன் இது.

இதையெல்லாம் கணினி வருவதற்கு முன்பே செய்து காட்டிய இடம் லண்டனின் புனித பால் தேவாலயம். காலியாக இருக்கும்போது அங்கே எதிர்முழக்கம் 10 விநாடிக்கும் மேல். 1950களின் தொடக்கத்தில் பார்க்கின், டெய்லர் என்ற இருவர் அங்கே உயரமான தூண் ஒலிபெருக்கிகளை நிறுத்தினார்கள். சிறு ஸ்பீக்கர்களைச் செங்குத்தாக அடுக்கினால் ஒலி மேலும் கீழும் விரியாமல் மக்கள் தலைமட்டத்தில் ஒரு தட்டையான வீச்சாகப் போகும். மேலே இருக்கும் குவிமாடத்தைத் தேவையில்லாமல் எழுப்பாது. பின்வரிசைத் தூண்களுக்கான தாமதத்தை, சுழலும் காந்தச் சக்கரத்தில் ஒலியைப் பதிந்து, சற்றுத் தள்ளியிருக்கும் தலையால் எடுத்துக் கொடுத்தார்கள். இன்று சில்லுக்குள் நடக்கும் அதே வேலை. கையில் பென்சிலும் தலைக்குள் தெளிவும் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பிறகு கணினி எதற்கு? ஸ்பீக்கர் ஒரே எண்ணால் விளங்கிவிடும் பொருளல்ல என்பதற்காக. பெட்டியில் ‘90க்கு 60’ என்று அச்சிட்டிருப்பார்கள், கிடையாக 90 டிகிரி, செங்குத்தாக 60 டிகிரி வீச்சு என்று பொருள். அது உயர் அதிர்வெண்களுக்கு மட்டும் உண்மை. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 70 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் அகலப் பெட்டியால் அவ்வளவு நீள அலையைத் திசைப்படுத்த முடியாது. ஆக, குரலின் கீழ்ப்பாதி எல்லாப் பக்கமும் சிந்தி, கூரையிலும் மேடைச் சுவரிலும் பட்டு முழங்கும். இதனால்தான் உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் எல்லாத் திசையிலும், வழக்கமாக 5 டிகிரிக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு அதிர்வெண் பட்டைக்கும் தனித்தனியாக அளந்து கொடுக்கிறார்கள். படமாகப் பார்த்தால் பலூன்போல இருக்கும், பெயரும் பலூன்தான். வரைந்த மண்டபத்தில் அந்தப் பலூனைத் தொங்கவிட்டுச் சாய்க்கலாம், திருப்பலாம். ஒவ்வொரு நாற்காலிக்கும் எத்தனை டெசிபல் போகிறது என்று நிரல் வண்ணம் பூசிக் காட்டும்.

டெண்டரில் வரும் வண்ணப்படம் பெரும்பாலும் இதுதான். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வித்தியாசம் 6 டெசிபலுக்குள் என்று பெருமையாக எழுதியிருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் பல சமயம் அது நேரொலியை மட்டும் கணக்கிட்ட படம், அதில் சுவரே இல்லை. திறந்த மைதானத்தில் நாற்காலி போட்டாலும் அதே படம்தான் வரும். ஒரே சீரான பச்சை நிறம் கொண்ட மண்டபத்தில் ஒரு வாக்கியம்கூடப் புரியாமல் போவது இப்படித்தான்.

கேட்க வேண்டிய படம் வேறு. நெதர்லாந்தில் ஹௌட்காஸ்ட், ஸ்டீனகன் என்ற இருவர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய பேச்சுத் தெளிவுக் குறியீடு, சுருக்கமாக எஸ்டிஐ. பேச்சு என்பது ஏறி இறங்கும் அலை. விநாடிக்கு மூன்று நான்கு முறை அசைகளாக எழுந்து தாழ்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு ஆழம் கேட்பவர் காதில் மிஞ்சுகிறது என்பதைத்தான் எஸ்டிஐ அளக்கிறது. ஏழு அதிர்வெண் பட்டை, ஒவ்வொன்றிலும் பதினான்கு ஏற்ற இறக்க வேகம், ஆக 98 எண்களைச் சேர்த்து 0க்கும் 1க்கும் நடுவில் ஒரே எண் தரும். 0.6க்கு மேல் நன்று. 0.45க்குக் கீழே மோசம். தீ போன்ற ஆபத்தில் குரல் எச்சரிக்கை தரும் அமைப்புகளுக்கு 0.5 இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் வழக்கம்.

நம் மண்டபத்துக்கே பார்ப்போம். முழக்கம் ஆளும் பின்வரிசையில், விநாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும் ஒலியின் ஆழத்தில், 7 விநாடி எதிர்முழக்கம் இருந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 2 விநாடி என்றால் மூன்றில் ஒரு பங்கு. 1.4 விநாடியில் ஏறத்தாழ பாதி. கட்டு, கத்து என்பதில் அந்தச் சின்ன மௌனம் பிழைப்பதும் சாவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்குக்கு முழக்கம் துல்லியமாகத் தெரிய வேண்டும். சபைன் சூத்திரம் ஒலி எல்லாத் திசையிலும் சீராகப் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. நம் மண்டபத்தில் அப்படி இல்லை. உறிஞ்சுவதெல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு மேலே இரண்டு வழவழப்பான இணைச்சுவர்களுக்கு நடுவே ஒலி பந்துபோல அடித்துக்கொண்டே இருக்கும். இதைப் பிடிக்க, ஒலியை ஆயிரக்கணக்கான கதிர்களாக எறிந்து, ஒவ்வொன்றும் எங்கே பட்டு எவ்வளவு இழந்து எப்போது வந்து சேருகிறது என்று பின்தொடர்வார்கள். 1968இல் நார்வேயின் ட்ரோன்ட்ஹைமில் க்ரோக்ஸ்டாடும் இரு கூட்டாளிகளும் இதைக் கணினியில் செய்து வெளியிட்டார்கள். இன்றைய நிரல்களின் அடித்தளம் அதுதான். சின்ன அறையில் அடிக்குரல் அதிர்வெண்களுக்கு இந்தக் கதிர்க்கணக்கு எடுபடாது. 100 கனமீட்டர் கூட்ட அறையில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி கதிராகப் போவதில்லை. நம் மண்டபத்தின் அளவுக்கு அந்தக் கவலை இல்லை.

கவலை வேறிடத்தில். 1995இல் ஜெர்மனியின் மிஷாயேல் ஃபோர்லெண்டர் ஒரு சோதனை நடத்தினார். ப்ரௌன்ஷ்வைக் நகரில் ஓர் அரங்கின் வரைபடத்தைப் பல நாட்டுக் குழுக்களுக்குக் கொடுத்து, கணித்து அனுப்பச் சொன்னார். முதல் சுற்றில் சுவருக்கும் கூரைக்கும் உறிஞ்சல் எண்ணை அவரவரே ஊகித்துப் போட வேண்டும். விடைகள் நாலாபக்கமும் சிதறின. எல்லோருக்கும் ஒரே எண்களைக் கொடுத்த பிறகு நெருங்கி வந்தன. அப்போதும், கரடுமுரடான பரப்பில் பட்ட ஒலி கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பாமல் சிதறும் என்பதைக் கணக்கில் சேர்த்த நிரல்களே அளவீட்டுக்கு அருகில் வந்தன. இந்தத் துறையில் யாராவது ஒரே ஒரு ஆய்வைப் படிக்கலாம் என்றால் நான் சொல்வது இதை. நிரல் பொய் சொல்வதில்லை, நாம் கொடுக்கும் ஊகத்தை இரண்டு தசம இடத்துக்குத் துல்லியமாகத் திருப்பிச் சொல்கிறது.

அந்த ஊகம் எங்கே பிசகுகிறது என்று கிட்டப்போய்ப் பார்த்தால், ஃபால்ஸ் சீலிங் கண்ணில் படும். ‘ஜிப்சம் போர்டு அடித்துவிட்டோம் சார், எக்கோ போய்விடும்’ என்று சொல்வதை எத்தனையோ இடங்களில் கேட்டிருக்கிறேன். ஓட்டை இல்லாத ஜிப்சம் பலகை பின்னால் காற்றிடைவெளியோடு தொங்கும்போது, 125 ஹெர்ட்ஸில் 0.3 அளவுக்கு உறிஞ்சும். மேளத்தின் தொப்பிப் பக்கத்தில் எழும் கனத்த ஒலியை அடக்க நல்லது. மெய்யெழுத்துகள் வாழும் 1,000, 2,000 ஹெர்ட்ஸில் அதன் எண் 0.05க்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான், பூச்சுக் கூரைக்கும் அதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. அதே கூரையில் துளையிட்ட பலகையும் பின்னால் கண்ணாடி இழைப் பஞ்சும் வைத்து 0.7 கிடைத்தால், காலி மண்டபமே 1.4 விநாடிக்கு இறங்கிவிடும். வரைபடத்தில் இரண்டும் ‘ஜிப்சம் சீலிங்’ என்றுதான் எழுதியிருக்கும். நிரலில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்காவிட்டால், படத்தில் கண்ட மண்டபம் ஒன்று, கட்டப்பட்ட மண்டபம் ஒன்று.

பொருளோடு வரும் சான்றிதழிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வக அறையில் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் துண்டை வைத்து அளக்கும்போது, துண்டின் ஓரங்களும் சேர்ந்து உறிஞ்சுவதால் எண் 1.05, 1.1 என்றெல்லாம் வரும். விழுந்த ஒலியைவிட அதிகம் உறிஞ்ச எந்தப் பொருளாலும் முடியாது. அதை அப்படியே நிரலில் போடுபவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார். 0.9க்கு இறக்கி வைப்பது பாதுகாப்பு.

அப்புறம் இரைச்சல். காலி மண்டபத்தில் ஏசி அணைந்திருக்கும் நிலையில் கணித்த எஸ்டிஐக்கு முகூர்த்த நேரத்தில் மதிப்பில்லை. மின்விசிறிகள், ஐந்நூறு பேரின் பேச்சு, பந்தியிலிருந்து வரும் பாத்திரச் சத்தம் எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன மௌனங்களை நிரப்பும். பேச்சு இரைச்சலைவிட 15 டெசிபல் மேலே இருந்தால் எஸ்டிஐ கணக்கில் இரைச்சலால் இழப்பில்லை. சமமாக இருந்தால் பாதி போய்விடும். கூட்டம் கூடும்போது முழக்கம் குறைகிறது, இரைச்சல் ஏறுகிறது. அதனால் ஒரே ஒரு நிலையை மட்டும் கணித்துக் கொடுப்பது பாதி வேலை. காலி, கால்வாசி, முழுசு என்று மூன்று நிலைக்கும், ஒவ்வொன்றுக்கும் உரிய இரைச்சலோடு, எஸ்டிஐ படம் கேளுங்கள். எந்தப் பரப்புக்கு என்ன உறிஞ்சல் எண் போட்டார்கள் என்ற பட்டியலும் கூடவே வேண்டும்.

கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது என்றால் வேலை எளிது. ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் ஒரு மதியம் போய் எதிர்முழக்கத்தை அளந்துவிடலாம். ஊதிய ரப்பர் பலூன் ஒன்றை உடைத்து, அந்தச் சத்தம் அடங்கும் நேரத்தைப் பார்ப்பதுகூட ஆரம்பத்துக்குப் போதும். நிரல் 7 விநாடி என்கிறது, அளக்கும் கருவி 5 என்கிறது என்றால், திரைகளும் கதவுகளும் நாம் நினைத்ததைவிட அதிகம் உறிஞ்சுகின்றன. எண்களைத் திருத்தி, நிரலும் 5 சொல்லும்வரை கொண்டு வந்துவிட்டு, அதற்குப் பிறகே கணினியில் வரைந்த அந்த மண்டபத்தில் ஸ்பீக்கரைத் தொங்கவிட வேண்டும். எல்லாம் மாட்டி முடித்த நாளில், பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் போலச் செய்யும் சோதனை ஒலியை ஓடவிடுவார்கள். கரகரவென்று விட்டுவிட்டு இரைவதுபோல் இருக்கும், காதுக்கு இதமாக இருக்காது. அளவியோடு ஒவ்வோர் இடத்திலும் கால் நிமிடம்போல நிற்க வேண்டும். மேடைக்கு எதிரே மட்டும் அளந்துவிட்டுக் கையெழுத்து வாங்குவது வழக்கம். பின்வாசல் தூணுக்குப் பக்கத்தில், பால்கனிக்கு அடியில், வயதானவர்களை உட்கார வைக்கும் விசிறியடி வரிசையில் அளக்கச் சொல்லுங்கள்.